செயப்பாட்டு வினையும் செய்தவனும்

ஆங்கில இலக்கணத்திலே நம் மாணவர் பெரிதும் அஞ்சும் பயிற்சிகளுள் ஒன்று, செய்வினை வாக்கியத்தைச் செயப்பாட்டு வினையாக மாற்றுதல். விதிகள் மூன்றே. செயப்படுபொருளைத் தூக்கி எழுவாயின் இடத்தில் வை; வினைச்சொல்லை இறந்தகால எச்ச வடிவமாக்கி அதன் முன்னே 'இரு' என்னும் பொருள்தரும் துணைவினையைக் காலத்துக்கேற்பச் சேர்; பழைய எழுவாயை வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளி அதன் முன்னே 'பை' என்னும் சிறுசொல்லை இடு. இராமன் இராவணனைக் கொன்றான். இராவணன் இராமனாற் கொல்லப்பட்டான். பூனை எலியைப் பிடித்தது. எலி பூனையாற் பிடிக்கப்பட்டது. பத்து வாக்கியங்களை இவ்வாறு புரட்டிப் போட்டால் பத்துப் புள்ளிகள். பொருள் மாறவில்லை, வடிவமே மாறியது என்று ஆசிரியரும் கூறுவார், மாணவரும் நம்புவர்.

ஆயின், இம்மூன்று விதிகளின் அடியில் ஒரு நான்காம் விதியும் உண்டு. செய்தவன் யாரெனத் தெரியாதவிடத்தும், சொல்லத் தேவையில்லாதவிடத்தும், தானே விளங்கக்கூடியவிடத்தும் 'பை' என்னும் பகுதியை விட்டுவிடலாம் என்பதே அது. தானே விளங்கக்கூடியவிடத்துக்குப் பயிற்சி நூல்கள் காட்டும் வழக்கமான உதாரணம் கள்வன் கைது செய்யப்பட்டமை. கைது செய்வது பொலிஸாரின் தொழிலாதலின் பொலிஸார் என்று தனியே எழுத வேண்டியதில்லை. விதியளவில் இது நியாயமானதே. எனினும், பொலிஸார் செய்யும் காரியங்களிற் பொலிஸாரின் பெயரை விட்டெழுதலாம் என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இலக்கணமாகவே கற்பித்துவிடுகிறோம் என்பதையும் நாம் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும்.

டென்மார்க் நாட்டு மொழியறிஞர் ஒட்டோ யெஸ்பர்சன் 1924இல் வெளியிட்ட தமது இலக்கணத் தத்துவ நூலிலே இது பற்றிக் குறிப்பிடுகிறார். ஆங்கில நூல்களில் வழங்கும் செயப்பாட்டு வினை வாக்கியங்களில் 70 வீதத்துக்குக் குறையாதவற்றிற் செய்தவன் குறிக்கப்படுவதேயில்லை என்பது அவர் காட்டிய கணக்கு. அஃதாவது நாம் வகுப்பிலே பழக்குகின்ற முழு வடிவம் வழக்கில் அருகியே காணப்படுவது. நான்காம் விதியாற் பிறக்கும் குறைவடிவமே வழக்கிலே பெருகியிருப்பது. இலக்கண நூல் ஒன்றைச் சொல்ல, மொழி வேறொன்றைச் செய்துகொண்டிருக்கிறது. இந்த வேறுபாடு எவ்வாறு தோன்றியது என்பதை அறிய, அவ்வடிவத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் தகும்.

பழைய ஆங்கிலத்திலே செயப்பாட்டுப் பொருளை உணர்த்த இரு துணைவினைகள் வழங்கின. ஒன்று 'இரு' என்னும் பொருளது. மற்றையது 'ஆகு' என்னும் பொருளுடைய 'வெயோர்தன்'. கதவு அடைக்கப்பட்டிருந்தது, கதவு அடைக்கப்பட்டது என்று தமிழில் நாம் வேறுபடுத்துகிறோமே, ஏறக்குறைய அத்தகைய வேறுபாட்டை அவை பெரும்பாலும் காட்டின. ஜெர்மன் மொழி அவ்விரண்டாவது துணைவினையை இன்றுவரை காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆங்கிலமோ மத்திய காலத்தின் இறுதிக்குள் அதனை இழந்துவிட்டது. ஒருவன், யாரோ, உலகத்தார் என்றெல்லாம் பொருள்படுமாறு பொதுவான எழுவாயாக நின்ற 'மன்' என்னும் சொல்லும் அக்காலத்தை அண்டியே வழக்கொழிந்தது. யாரோ செய்தார் என்று எளிதாகச் சொல்ல உதவிய சொல் மறைந்தமையும், செயப்பாட்டு வினையின் ஆட்சி விரிந்தமைக்கு ஒரு காரணம் என்பர்.

செய்தவனைக் குறிக்கும் 'பை' கூட ஆதியிலிருந்து வந்ததன்று. 'ஊடாக' என்றும் 'இலிருந்து' என்றும் பொருள்படும் சொற்கள் பலவும் அவ்விடத்தில் நின்றன. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்திலே, இன்றைய மாணவன் 'பை' என்று எழுதும் பல இடங்களில் 'ஒவ்' என்ற சொல்லே காணப்படுகிறது. இன்று அவ்வாறு எழுதினால் சிவப்பு மையால் வெட்டுவோம்.

இன்னொரு செய்தி சுவையானது. ஒரு வீடு கட்டி முடியாத நிலையில் இருக்கிறது என்பதை 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயன், 'வீடு கட்டிக்கொண்டிருக்கிறது' என்னும் வாய்பாட்டிலேயே சொன்னான். வீடு தன்னைத்தானே கட்டுவதாக எவரும் மயங்கவில்லை. அந்நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலேதான் 'கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது' என்னும் புதிய நீள்வடிவம் எழுத்தில் தலைகாட்டியது. கவிஞர் றொபேட் சதே 1795இல் எழுதிய கடிதமொன்றில் வருவது அதன் பழைய உதாரணங்களுள் ஒன்றாகக் காட்டப்படும். அறிஞர்கள் இதனை இலகுவில் ஏற்றுக்கொள்ளவில்லை. ஜோர்ஜ் பேர்க்கின்ஸ் மார்ஷ், றிச்சர்ட் கிராண்ட் வைட் முதலிய அமெரிக்க எழுத்தாளர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் அதனைக் கடுமையாகச் சாடிக்கொண்டிருந்தனர். அவர்கள் சாடிய வடிவத்தைத்தான் இன்று நாம் தவறினாற் புள்ளி குறைக்கும் வடிவமாக வைத்திருக்கிறோம். மொழித் தூய்மை பேசுவோர் எந்நாட்டிலும் ஒரே விதமாகவே தோற்கின்றனர் போலும்.

இலக்கணம் இவ்வாறு அசைந்துகொண்டிருக்கையில் இலக்கண நூல் மட்டும் அசையாதிருந்தது. அதற்குக் காரணம் இலத்தீன். எட்டாம் ஹென்றி மன்னன் 1540களில் பாடசாலைகளுக்கெனக் கட்டளையிட்டது வில்லியம் லில்லியின் பெயரால் வழங்கிய இலத்தீன் இலக்கணத்தை. அதனைப் பின்பற்றியே வில்லியம் புல்லொக்கர் 1586இல் ஆங்கிலத்துக்கு முதல் இலக்கணத்தை அச்சிட்டார். இலத்தீனில் வினைச்சொல் தானே உருமாறிச் செயப்பாட்டுப் பொருளைத் தரும். ஆங்கிலத்தில் அவ்வாறு இல்லை. ஆயினும், இலத்தீனில் வினைக்குச் செய்வகை, படுவகை என்ற பாகுபாடு இருப்பதால் ஆங்கிலத்துக்கும் அப்பாகுபாடு அட்டவணையாக எழுதப்பட்டது. 1762இல் றொபேட் லௌத் எழுதிய சிறு இலக்கணமும், 1795இல் லிண்ட்லி மரே எழுதிய இலக்கணமும் இவ்வழியே சென்றவை. இலத்தீன் மாணவன் 'அமோ' என்று 'அன்பு செய்' வினையை வாய்பாடாக ஒப்புவித்தது போலவே, ஆங்கில மாணவனும் 'நான் நேசிக்கிறேன், நான் நேசிக்கப்படுகிறேன்' என்று ஒப்புவித்தான். மரே அமெரிக்காவிற் பிறந்து இங்கிலாந்திற் குடியேறிய வழக்கறிஞர். யோர்க் நகரிலே பெண்பிள்ளைகள் பயின்ற ஒரு பாடசாலையின் தேவைக்காக அவர் எழுதிய நூல், அட்லாண்டிக்கின் இருகரைகளிலும் எண்ணற்ற பதிப்புகளைக் கண்டது.

இந்த அட்டவணையே கப்பலேறிக் கீழ்த்திசைக்கும் வந்தது. இந்தியாவில் மெக்கோலேயின் கல்விக் குறிப்பு வெளிவந்தது 1835இல். இலங்கையில் அதற்குச் சற்று முன்னரே கோல்புறூக் ஆணைக்குழு தன் விதப்புரைகளைக் கொடுத்துவிட்டது. அரசாங்க சேவைக்கு ஆங்கிலங் கற்ற சுதேசிகளை உருவாக்குவது அதன் நோக்கங்களுள் ஒன்று. யாழ்ப்பாணத்திலோ அமெரிக்க மிஷனரிமார் 1823இலேயே வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கியிருந்தனர். பின்னர் நெஸ்பீல்டின் இலக்கண வரிசையும், 1930களின் நடுப்பகுதியிலே ரென், மார்ட்டின் இருவரும் எழுதிய உயர்தரப் பாடசாலை இலக்கணமும் வந்தன. இந்த ரென் இந்தியக் கல்விச் சேவையிற் பணியாற்றியவர். பாலைவனப் படைவீரர் பற்றிய புகழ்பெற்ற நவீனமொன்றின் ஆசிரியரும் அவரே. அவர் நாவலை இன்று படிப்பார் அரியர். அவர் இலக்கணத்துக்கோ இன்றும் புதுப்பதிப்பு வருகிறது.

குடியேற்ற நாட்டுக் கந்தோருக்கு இந்தச் செயப்பாட்டு வினை எத்துணைப் பொருத்தமாக வாய்த்தது என்பதை, அக்காலத்து அரசாங்கக் கடிதங்களின் தொடக்க வாய்பாடு ஒன்றே காட்டும். 'தங்களுக்கு அறிவிக்குமாறு பணிக்கப்பட்டுள்ளேன்' என்று கடிதம் தொடங்கும். எழுதுபவன் தன் சொந்தப் பொறுப்பில் ஒன்றும் கூறவில்லை. அவனைப் பணித்தவரோ வாக்கியத்துள் இல்லை. காணி மறுக்கப்படுகிறது, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது, சம்பளம் குறைக்கப்படுகிறது. யாரிடம் போய் முறையிடுவது? மறுத்தவனைத் தேடிக் கச்சேரிக்குப் போனவன், கைகாட்டப்பட்ட மேசைகளையெல்லாம் சுற்றி வெறுங்கையோடு வீடு திரும்புவான். அந்நியர் போய் ஆண்டுகள் பல கடந்தும், 'அறியத்தரப்படுகிறது', 'கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்' என்று தமிழிலே நமக்குக் கடிதங்கள் வருகின்றன. இவற்றைத் தமிழென்று சொல்வதிலும், தமிழெழுத்தில் எழுதிய கந்தோர் ஆங்கிலம் எனல் பொருந்தும்.

கடிதங்களின் செய்தி இவ்வளவே. சட்டங்களின் செய்தி இதனினும் பெரிது. 1815 மார்ச் 2ஆம் நாள் கண்டியிற் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையை எடுத்துக்கொள்வோம். அரசன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் வீழ்ந்தவனாகவும் பதவி நீக்கப்பட்டவனாகவும் அதிற் சாற்றப்படுகிறான்; கண்டி மாகாணங்களின் ஆட்சி பிரித்தானிய முடியிடம் உறுத்தாக்கப்படுகிறது. நீக்கியவர் யார்? உறுத்தாக்கியவர் யார்? படையோடு வந்து நின்ற பிறவுண்றிக் ஆளுநரா, கையொப்பமிட்ட பிரதானிகளா? வாக்கியம் இரு சாராரையும் காப்பாற்றுகிறது. எழுவாயின் இடத்தில் தோற்றவன் மட்டுமே நிற்கிறான்.

அதன்பின் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து வந்தது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாதும் கிடக்கும் நிலமெல்லாம், மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரிய நிலமாகவே கொள்ளப்படும் என்பது அதன் சாரம். 'கொள்ளப்படும்', 'நிரூபிக்கப்படும்' என்னும் இரண்டு செயப்பாட்டு வினைகளையும் செய்வினையாக மாற்றிப் பாருங்கள். வகுப்பிலே கொடுக்கத்தக்க நல்ல பயிற்சி. கொள்பவன் அரசாங்கம். நிரூபிக்க வேண்டியவன் தலைமுறை தலைமுறையாகச் சேனை வெட்டி, மாடு மேய்த்து, விறகெடுத்து வந்த கிராமத்தவன். எழுத்துறுதி என்பதை அறியாதவன். ஒரே வடிவத்திலான இரு வினைகளுள் ஒன்றன் பின்னே அதிகாரம் மறைந்திருக்கிறது. மற்றதன் பின்னே சுமை மறைந்திருக்கிறது. அந்நாட்களில் அரசாங்கக் காணிகளைக் கோப்பிப் பயிருக்கென மலிவான விலைக்கு வாங்கியவர்களுள் ஆளுநர் ஸ்டுவர்ட் மெக்கன்சியும் உயர் உத்தியோகத்தர் பலரும் இருந்தனர். சட்டத்தில் மறைந்த எழுவாய்களை விற்பனைப் பதிவேடுகளிலே கண்டுபிடிக்கலாம்.

தமிழ்மொழி இதில் எங்கே நிற்கிறது என்று கேட்பது இயல்பு. திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் வகுத்த கால்டுவெல் 1856இல், இம்மொழிகளில் முறையான செயப்பாட்டு வினை இல்லையென்றே கருதினார். 'படு' என்பது துன்பத்துக்கு உள்ளாதல் என்னும் பொருளுடைய தனி வினை. அது துணையாக வந்து அப்பொருளைத் தருகிறது. 'கொலையுண்டான்', 'வெட்டுண்டான்' என்பவற்றில் 'உண்' வருவதும் அத்தகையதே. ஆறுமுக நாவலரோ தமது இலக்கணச் சுருக்கத்திற் செயப்பாட்டு வினையைத் தனியே எடுத்து இலக்கணங் கூறினார். விவிலியத்தின் தமிழ் மொழிபெயர்ப்பு வேலையோடு பழகியவர் அவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. எனினும் அத்தொடர்பை அளவுக்கு மிஞ்சி நீட்டுதல் கூடாது. ஏனெனில், செயப்படுபொருளைச் செய்ததுபோலச் சொல்லும் வழக்கைத் தொல்காப்பியமே குறிக்கிறது. மெழுகியவளைச் சொல்லாது திண்ணையே மெழுகியதாகக் கூறுவதை உரையாசிரியர் உதாரணமாகக் காட்டுவர். மெழுகியவள் அன்றும் வாக்கியத்தில் இல்லை. வேலைக்காரியோ வீட்டுப் பெண்ணோ, அவளை மறைப்பதற்கு அந்நியனின் இலக்கணம் வந்துதான் ஆகவேண்டும் என்பதில்லை.

20ஆம் நூற்றாண்டிலே இவ்விடயத்தைக் கூர்மையாக நோக்கியவர்கள் ஆங்கிலேயரே. ஜோர்ஜ் ஓர்வெல் 1946இல் அரசியலும் ஆங்கிலமும் பற்றி எழுதிய கட்டுரையில், செய்வினையாற் சொல்லக்கூடியதைச் செயப்பாட்டு வினையாற் சொல்லாதே என்று விதித்தார். அக்கட்டுரையின் தொடக்கத்திலேயே அவர் ஒரு செயப்பாட்டு வினையைக் கையாண்டுவிட்டார் என்பது வேறு கதை. 1957இல் நோம் சொம்ஸ்கி இவ்விரு வடிவங்களும் தம்முள் உறவுடையன என்பதை மாற்றிலக்கண விதியாக நிறுவிக் காட்டினார். ஆனால், அவ்விதி வகுப்பறை விதியைப் போலவே சமூகத்தை அறியாதது. சமூகத்தைக் கொண்டுவந்து நிறுத்தியது, றொஜர் பவுலரும் அவர் தோழர்களும் 1979இல் வெளியிட்ட மொழியும் கட்டுப்பாடும் பற்றிய நூல்.

அதிலே ரொனி ட்ரூ என்பவர் ஆராயும் செய்தி இது. 1975 யூன் 1ஆம் நாள், அப்போது வெள்ளைச் சிறுபான்மையினர் ஆண்ட ரொடீசியாவின் தலைநகரான சோல்ஸ்பரியில், ஆபிரிக்க மக்கள் கூட்டத்தின்மீது பொலிஸார் சுட்டனர். மறுநாள் இலண்டன் கார்டியன் பத்திரிகை, பொலிஸார் பதினொருவரைச் சுட்டுக்கொன்றனர் என்று செய்வினையில் தலைப்பிட்டது. ரைம்ஸ் பத்திரிகையோ, கலகம் செய்த கறுப்பர்கள் பொலிஸாராற் சுட்டுக்கொல்லப்பட்டனர் என்று செயப்பாட்டு வினையில் இட்டது. இலக்கண வகுப்பின் கணக்குப்படி இரண்டுக்கும் பொருள் ஒன்றே. ஆனால் ரைம்ஸின் தலைப்பில் முதலில் வாசகன் கண்ணிற்படுவது கலகம். துப்பாக்கி பின்னே வருகிறது. அடுத்த நாளோ பொலிஸார் என்ற சொல்லும் கழன்று விழுந்துவிட்டது. கலகத்தில் ஆபிரிக்கர் பதின்மூவர் கொல்லப்பட்டனர் என்ற அளவில் அது நின்றது. இப்போது கொன்றது எது? கலகந்தான் கொன்றது என்று வாசகன் எண்ணுவதற்குத் தடையேயில்லை. மூன்று விதிகளும் நான்காம் விதியும் நாம் கரும்பலகையில் எழுதும் அதே ஒழுங்கிலே, இரண்டு நாட்களுக்குள் நடைமுறைப்படுத்தப்பட்டுவிட்டன. இங்கே 'நடைமுறைப்படுத்தப்பட்டுவிட்டன' என்று நாமும் எழுதிவிட்டோம். ரைம்ஸின் ஆசிரியபீடம் நடைமுறைப்படுத்தியது என்று திருத்திக்கொள்க. அமெரிக்க ஜனாதிபதி ரேகன் 1987இல், ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரம் பற்றிப் பேசுகையில், பாரதூரமான தவறுகள் செய்யப்பட்டன என்றது இதே பள்ளியிற் கற்ற பாடம்.

இதுவரை கூறியவற்றைக் கொண்டு செயப்பாட்டு வினையே ஆளும் வர்க்கத்தின் கருவி என்று முடிவுகட்டிவிட நண்பர் சிலர் விரும்பக்கூடும். அம்முடிவு அவசரமானது. செயப்பாட்டு வினையினும் ஆழமாக மறைக்கவல்லது தன்வினை. கண்ணாடி உடைக்கப்பட்டது என்றால் உடைத்தவன் ஒருவன் உளன் என்பதாவது வாக்கியத்தில் எஞ்சுகிறது. கண்ணாடி உடைந்தது என்றால் அதுவும் இல்லை. 1940 ஜனவரியில், சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தஞ் செய்த முல்லோயாத் தோட்டத் தொழிலாளருள் கோவிந்தன் என்பவரைப் பொலிஸார் சுட்டனர். 'கோவிந்தன் இறந்தார்', 'கோவிந்தன் சுடப்பட்டார்', 'கோவிந்தனைப் பொலிஸார் சுட்டனர்' என்று மூன்று வாக்கியங்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு ஏறுவதே சில வேளைகளிற் பெரும் போராட்டம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் சுமார் 97,000 நூல்களோடு அழிந்தபோது, அது தீக்கிரையாயிற்று என்று எழுதியோரும் உளர், எரிக்கப்பட்டது என்று எழுதியோரும் உளர். இவ்விரு சொற்களுக்கும் இடையேயுள்ள தூரம் இலக்கண தூரம் மட்டுமன்று. மூன்றாவது வடிவத்தை எந்த நீதிமன்றத் தீர்ப்பும் இதுவரை எழுதவில்லை.

இதனைத் தெளிவாக உணர்ந்தவர்கள் இலக்கண ஆசிரியர்களல்லர். வீதியோரத்தில் அமர்ந்திருந்த தாய்மார். போர்க்காலத்திற் பிடித்துச் செல்லப்பட்டும், படையினரிடம் ஒப்படைக்கப்பட்டும் திரும்பி வராதோரை 'காணாமற் போனோர்' என்றே பத்திரிகைகளும் அலுவலகங்களும் நெடுநாள் எழுதிவந்தன. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அலுவலகத்தின் தமிழ்ப் பெயரிலும் 'காணாமற்போன' என்ற சொல்லே இடம்பெற்றது. காணாமற் போதல் தன்வினை. ஆடு காணாமற் போகும். மோதிரம் காணாமற் போகும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலே தொடர் போராட்டத்தைத் தொடங்கிய உறவினரோ, 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்ற சொல்லையே பதாகைகளில் எழுதினர். 'வலிந்து' என்று முன்னே ஓர் அடைமொழியையும் சேர்த்தனர். 'போ' என்பதை 'ஆக்கு' என்று பிறவினையாக்கி, அதன்மேற் 'படு' சேர்த்த அந்தச் சொற்கட்டு, மாண்டவரென்றும் மீண்டவரென்றும் சொல்லமுடியாத ஒருவரைப் பற்றி ஒரேயொரு செய்தியை உறுதியாகச் சொல்கிறது: இதனைச் செய்தவர் உளர். ஆங்கிலேயர் எதனை மறைக்கும் வடிவமென்று ஓர்வெல் கண்டாரோ, அவ்வடிவத்தையே இத்தாய்மார் காட்டும் வடிவமாகப் பயன்படுத்தினர்.

சென்ற தவணையில் ஆங்கில ஆசிரியர் விடுமுறையில் நின்ற நாளொன்றில், பதினோராம் வகுப்புக்கு அவர் விட்டுச்சென்ற பயிற்சியைத் தமிழாசிரியராகிய நாம் மேற்பார்வை செய்ய நேர்ந்தது. செயப்பாட்டு வினை வாக்கியங்களைச் செய்வினையாக மாற்றும் பயிற்சி அது. செய்தவன் குறிக்கப்படாதவிடத்து 'யாரோ ஒருவர்' என்று எழுவாயை இட்டு நிரப்புக என்பது நூலின் கட்டளை. நேரம் எஞ்சியிருந்தமையால், மேற்கூறிய சொற்றொடரையும் ஒரு வாக்கியமாக்கி, அதனைச் செய்வினையாக்குமாறு கரும்பலகையில் எழுதினோம். பெரும்பாலானோர் கட்டளைப்படி 'யாரோ ஒருவர்' என்று எழுதியிருந்தனர். ஒருவன் 'அவர்கள்' என்று எழுதியிருந்தான். பின்வரிசையிலிருந்த ஒரு மாணவி மட்டும் எழுவாயின் இடத்தில் ஒரு நீண்ட கோட்டை இழுத்து, வாக்கியத்தின் மிகுதியைப் பிழையின்றி எழுதியிருந்தாள். ஏன் நிரப்பவில்லை என்று கேட்டோம். 'பேர் இருக்குது சேர், ஆனா எழுதினா ஆர் புள்ளி போடுவினம்?' என்றாள். கொப்பியை வாங்கி அந்தக் கோட்டைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னர் மணி அடித்தது.